கார்பெட் மிஷின் இழுக்கவில்லையா? மோட்டாரை மாற்றுவதற்கு முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் பொது கார்பெட் மிஷினுக்குப் புது மோட்டார் போடுவது இன்றைய அஜெண்டாவில் இருக்கிறது. மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து போகிற செலவு. கை தூக்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

புகார் என்ன? தண்ணீரைப் பீய்ச்சுகிறது, திரும்ப இழுப்பதில்லை. இரண்டு வீடுகளில் மூன்று நாளாகியும் கார்பெட் காயவில்லை, வாடை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இரண்டு நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கும். தவழும் குழந்தையோ, இளைப்பு உள்ள பெரியவரோ இருக்கிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, இழுவை மட்டும் இல்லை என்றால், முதலில் காற்று போகிற வழியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒன்று அடைப்பு, இல்லை ஓட்டை. எது என்று காதே சொல்லிவிடும். ஹோஸின் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடுங்கள். சத்தம் கீச்சென்று உயர வேண்டும். காற்று வராததால் மோட்டாருக்குப் பாரம் குறைந்து வேகமாகச் சுற்றும். மூடியும் சத்தம் மாறவில்லையா, எங்கோ காற்று கசிகிறது. மூடாமலே கீச்சிடுகிறதா, வழி அடைத்திருக்கிறது.

அடைப்பு என்றால் முதலில் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கும். தொட்டி நிறைந்தால் அது மேலே எழும்பி, மோட்டாருக்குள் தண்ணீர் போகாதபடி காற்று வழியை மூடிவிடும். நம் மிஷினில் பாதித் தொட்டியிலேயே மூடிக்கொள்கிறது. காரணம் நுரை. மிஷினுக்கான நுரை குறைந்த திரவத்துக்குப் பதிலாக யாரோ துணி துவைக்கிற பவுடரைக் கொட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்கப் போவதில்லை, ஆனால் தொட்டி இன்னும் மணக்கிறது! காலி செய்து, கழுவி, மிதவை தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்து தரையில் தேய்க்கிற வாய். அந்தக் குறுகிய பிளவில் தலைமுடி, கார்பெட் நூல், வாசலிலிருந்து காலோடு வந்த கோலமாவு எல்லாம் ஈரத்தில் சேர்ந்து பசையாக உட்கார்ந்திருக்கும். பழைய டூத் பிரஷ் போதும். முதலில் சாதாரண வேக்குவத்தால் உலர்ந்த தூசியை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஹோஸைக் கழற்றி உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட்டு உருட்டுங்கள். மறுபக்கம் விழவில்லை என்றால் அங்கேதான் அடைப்பு. கம்பி விட்டுக் குத்த வேண்டாம், ஹோஸ் கிழியும். குண்டு விழுந்ததும் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஹோஸை மாட்ட வேண்டும்.

கசிவு என்றால் தொட்டி மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மிஷின் ஓடும்போது மூடியை இரண்டு கையாலும் அழுத்துங்கள்; இழுவை கூடினால் குற்றவாளி அந்த வளையம்தான். துடைத்து, சரியாக உட்கார வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். ஹோஸ் மடிகிற இடத்தில் விரிசல் இருந்தால் டேப் ஒரு நாளைக்குத் தாங்கும், பிறகு ஹோஸைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரே ஒரு கண்டிப்பு. மூடியைத் திறப்பதோ ஹோஸைக் கழற்றுவதோ எதுவானாலும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். காற்று வெளியேறும் பக்கம் தண்ணீர் தெறித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். அது சர்வீஸ் ஆளின் வேலை, நம் வேலை இல்லை.

மிஷின் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை 10 மணிக்கு இத்தனையையும் அதிலேயே செய்து பார்க்கலாம். அதற்குப் பிறகும் இழுக்கவில்லை என்றால் மோட்டாருக்கு நானே முதலில் கை தூக்குகிறேன். அதுவரை அந்தத் தீர்மானத்தைத் தள்ளி வையுங்கள் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.