புண்ணியவானும் கலெக்டர் சாரும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எந்தப் புண்ணியவானோ மோட்டாரை நிறுத்தாம போயிட்டாரு." நம் குடியிருப்பில் இதைக் கேட்காதவர் உண்டா? சொல்வது ஒன்று, பொருள் அதற்கு நேர் எதிர். ராஜபாளையத்தில் நாம் நக்கல் என்போம், எகத்தாளம் என்போம். இலக்கணத்தில் இது வஞ்சப்புகழ்ச்சி அணி. இகழ்வது போலப் புகழ்வதும் அதிலேயே அடக்கம். பேரனைப் பாட்டி "திருட்டுப் பயலே" என்று கொஞ்சுகிறாரே, அது.

இதில் நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மூத்தவர்கள். ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள். 15ஆவது முழுக்க வாய்ச்சண்டை. வாசலில் தோழிகள், 'இன்னுமா தூக்கம்?' என்கிறார்கள். உள்ளே இருப்பவள், 'கத்தாதீங்க, வர்றேன்' என்கிறாள். 'உன் வாய் எங்களுக்குத் தெரியாதா?' என்றதும், 'நீங்கதான் கெட்டிக்காரங்க, குற்றம் என் மேலேயே இருக்கட்டும்' என்கிற மாதிரி ஒரு பதில். வைணவப் பெரியவர்கள் இதைப் பணிவு என்று விளக்குவார்கள். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் குத்தலும் கேட்கிறது. அவள் குரல் நம்மிடம் இல்லை, எழுத்துதான் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவிலும் இதே சிக்கல்தான். போன மாதம் ஒருவர், "லிஃப்ட் பிரமாதமாக ஓடுகிறது, நிர்வாகத்துக்கு நன்றி" என்று போட்டார். நம் பொருளாளர் கைகூப்பும் படம் போட்டார். லிஃப்ட் மேலும் இரண்டு நாள் நின்றது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படியில்லை.

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவனுடைய படைக்கலங்களைப் பார்த்தார். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன! எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் 95ஆவது பாட்டு இது. கேட்டவன் அரசன். அவனுக்குக் கோபம் வந்தால் ஆபத்து சொன்னவருக்குத்தான்.

நாமோ பத்து நிமிடம் தாமதமாக வந்த காவலாளியைப் பார்த்து, "வாங்க கலெக்டர் சார், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?" என்கிறோம். மரியாதைச் சொல்லையே கல்லாக எறிகிறோம். திருப்பாவைத் தோழிகள் பதிலுக்குப் பதில் பேசலாம். இவர் நம்மைத் திருப்பி "வாங்க மகாராஜா" என்று சொல்ல முடியுமா? சிரித்து வைப்பார். அதைப் பார்த்து, 'தமாஷாக எடுத்துக்கொண்டார்' என்று நாம் நினைத்துக்கொள்வோம். நேராக, "ஏன் லேட்டு?" என்று கேட்டால் காரணமாவது சொல்வார், பஸ் வரவில்லையோ, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ.

சித்திரையில் நின்றுபோன காவலாளி கணக்கு முடிக்க வந்தபோது கூடவே இருந்தேன். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் சார்" என்றார்.

புதிதாக வந்திருப்பவரின் பெயரைக் கேட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.