பாட்டு கெட்டுப்போச்சா?

போன வாரம் பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்கு பஸ்ல போனேன். வழியெல்லாம் இளையராஜா. பக்கத்து சீட்டுப் பெரியவர், “இப்பல்லாம் எங்க தம்பி பாட்டு? வெறும் சத்தம்”னார். நானும் தலையாட்டிட்டேன். அப்புறம்தான் உறுத்துச்சு.

திருவிழாவுல ஆடல் பாடல் நடத்த போலீஸ் அனுமதி வேணும். கிடைக்கலைன்னா ஹைகோர்ட். கோர்ட் அனுமதி கொடுத்தாலும் வழக்கமா ஒரு நிபந்தனை இருக்கும்: கட்சி, சாதி, மதம் பற்றிய பாட்டு கூடாது. காரணம் புரியுது, ஒரு பாட்டுக்காக ரெண்டு தெரு அடிச்சுக்கும். ஆனா சாதிப் பெருமை பேசுற பாட்டும் சாதியை எதிர்க்கிற பாட்டும் அங்க ஒரே தட்டுல போயிடுது. மிச்சம் குத்துப்பாட்டு. அதைக் கேட்டுட்டு ‘பாட்டு கெட்டுப்போச்சு’ங்கறோம்!

பாடறவங்க இல்லாம இல்ல. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடின கோவனை 2015 அக்டோபர்ல, இதோ பக்கத்துல திருச்சியில, கைது பண்ணாங்க. 124ஏ, தேசத்துரோக வழக்கு. 2018ல வேறொரு பாட்டுக்காக மறுபடியும் கைது. உண்மையைச் சொன்னா, கைதுக்கு அப்புறம்தான் அந்த முதல் பாட்டே என் போனுக்கு வந்துச்சு.

அதே 2018 ஜனவரியில சென்னையில ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறுச்சு. கானா, ராப், பறை எல்லாம் சேர்த்து சாதிக்கு எதிரா. அதைக் கொண்டாடினவன் நான். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க தெரு விழாவுக்குப் பாட்டு லிஸ்ட் போட்டதும் நான்தான். அதுல அம்பேத்கர் பத்தின கானா ஒண்ணு இருந்துச்சு. எதுக்கு வம்புன்னு நானே அடிச்சுட்டேன். அந்த லிஸ்டை யாருமே கேட்டு வாங்கிப் பார்க்கல.