ஆற்றின் பெயரும் ஆற்றிலுள்ள பெயர்களும்



ஓர் ஆற்றுக்குப் பெயர் ஒன்றே. ஆயினும் அதன் கரையில் வாழ்வோர்க்கு அந்த ஒரு பெயர் போதுவதில்லை. அருவிக்கு ஒரு பெயர், மடுவுக்கு ஒரு பெயர், திட்டுக்கு ஒரு பெயர், படித்துறைக்கு ஒரு பெயர் என்று அவர்கள் வழங்கி வருகிறார்கள். அவற்றுட் பல, அச்சிட்ட நிலப்படங்களில் ஏறியதே இல்லை. அவற்றைப் பதியும் வாய்ப்பு இன்று நமக்கு வாய்த்திருக்கிறது. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் மின்னணு நிலப்படத்தில் எவரும் தாம் அறிந்ததைப் பதியலாம்; பிறர் பதிந்ததைத் திருத்தவும் செய்யலாம். பலர் கூடி எழுதும் ஏடு இது. ஆதலால் எழுதும் முறையை முதலில் அறிந்துகொள்வது நலம்.

இப்படத்தில் ஆறு என்பது, நீர் ஓடும் திசையில் வரையப்பட்ட ஒரு கோடு. அக்கோட்டிற்கு உரியது ஆற்றின் பெயர் மட்டுமே. கர்நாடகத்திலுள்ள சிவனசமுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே காவேரி இரு கிளைகளாகப் பிரிந்து ஒரு தீவை வளைத்துச் செல்கிறது. மேற்குக் கிளை ககனசுக்கி அருவியாகவும், கிழக்குக் கிளை பரசுக்கி அருவியாகவும் விழுகின்றன. 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது இங்கிருந்துதான். அச்சுரங்கங்களில் உழைத்தவருட் பலர் தமிழர் என்பதை நாம் அறிவோம்.

இங்கே ஒருவர் ஆற்றுக்கோட்டின் ஒரு துண்டில் ‘காவேரி’ என்பதை நீக்கிவிட்டு ‘ககனசுக்கி’ என்று எழுதினால் என்ன நேரும்? அருவிக்குப் பெயர் கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் காவேரி அவ்விடத்தில் அறுந்துபோகும். ஆகவே கோட்டில் காவேரி என்பதே நிற்க வேண்டும். நீர் விழும் இடத்தில் தனியே ஒரு புள்ளி வைத்து, அஃது அருவி என்று வகை குறித்து, அதற்கு அதன் பெயரை இடவேண்டும். தீவுக்கு அதன் எல்லையை வரைந்து பெயரிடலாம். மடுவின் எல்லை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் பரப்பாக வரையலாம். தெரியாவிடில் நடுவில் ஒரு புள்ளி போதும். காசியின் படித்துறைகள் போன்றவை கரையைச் சேர்ந்தவை. அவற்றின் பெயரைக் கங்கையின் மேல் எழுதலாகாது.

ஆற்றின் பெயரே மாறும் இடங்களும் உண்டு. பாகீரதியும் அலகநந்தாவும் தேவப்பிரயாகையில் கூடிய பின்னரே கங்கை என்ற பெயர் பிறக்கிறது. அங்கே கோட்டிலும் பெயர் மாறுவதுதான் முறை. பெயர் மாறுவது ஆற்றுக்கா, ஆற்றிலுள்ள ஓர் இடத்துக்கா என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் தீரும்.

அடுத்தது மொழி. இது நம்மைப் போன்று பிற மாநிலங்களில் வாழ்வோர் கருத வேண்டியது. அர்க்காவதி காவேரியில் கூடும் சங்கமத்துக்குச் சற்றுக் கீழே, பாறைகளின் இடுக்கில் ஆறு நெருக்கி ஓடும் இடம் ஒன்று உண்டு. கன்னடத்தில் ‘மேக்கே’ என்றால் ஆடு. ‘தாட்டு’ என்றால் தாண்டுதல். மேக்கேதாட்டு என்ற அப்பெயர், தமிழ்ச் செய்தித்தாள்களில் மேகதாது என்றாகி, ஆடு மறைந்து மேகம் வந்து சேர்ந்தது! படத்தில் முதற்பெயராக நிற்க வேண்டியது அவ்வூரார் வழங்கும் கன்னடப் பெயர், கன்னட எழுத்திலேயே. தமிழ்ப் பெயருக்கு அதனருகே தனிக் கட்டம் உண்டு. மாற்றுப் பெயருக்கும் பழைய பெயருக்கும் அவ்வாறே உண்டு. அண்டை வீட்டார் பெயரை அழித்துத்தான் நம் பெயரை எழுத வேண்டும் என்ற நிலை இல்லை. ஆற்று நீரைப் பற்றி வழக்கு இருக்கலாம். அதைப் படத்தின் பெயர்க் கட்டத்தில் நடத்துவது தகாது.

பெயரை எங்கிருந்து பெறுவது? பரிசல் ஓட்டுபவரிடமும் மீன் பிடிப்பவரிடமும் கேட்டறிவதே சிறந்த வழி. உரிமை பெற்ற வேறு படங்களிலிருந்து பெயர்த்தெழுதுவது இப்பணியின் விதிக்கே மாறானது. நாமாகப் பெயர் சூட்டுவதும் கூடாது.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று தோன்றலாம். மேக்கேதாட்டிலும் சங்கமத்திலும் ஆழம் அறியாது இறங்கியவர்கள் மாண்ட செய்திகளைப் பன்முறை படித்திருக்கிறோம். அவர்களுட் பெரும்பாலோர் வெளியூரார். ‘காவேரியில் ஒருவர் மூழ்கினார்’ என்று சொன்னால் உதவிக்கு வருவோர் எங்கே தேடுவர்? இன்ன மடு, இன்ன பாறை என்று சொல்ல முடிந்தால் நேரம் மிச்சமாகும். ஆற்றில் அந்நேரமே உயிர். அவ்வூரார் தலைமுறைகளாக அறிந்த பெயரை, அவ்வூரை அறியாதவருக்கும் எட்டச் செய்வது நாம் குடியேறிய மண்ணுக்குச் செய்யும் ஒரு சிறு கைம்மாறு ஆகும்.