எக்ஸ்-ரே வேண்டாம்னு சொன்னதுல போன பல்

இந்த எபிசோட் பல் எக்ஸ்-ரே பத்தி. "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு நீங்க கேக்கலாம். எங்க வீட்ல இந்த விஷயத்துல ஒரு பல் போச்சு. அதான்.

அம்மா கடலூர்ல இருக்காங்க, நான் சென்னையில. போன வருஷம் ஒருநாள் ராத்திரி போன். "வலது பக்கம் கீழ்க் கடவாப்பல்லு, வலி உயிர் போகுதுடா." மறுநாள் காலையில பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போனாங்க. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அம்மா அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணாங்க. "போன மாசம்தான் நெஞ்சுக்கு எக்ஸ்-ரே எடுத்தேன். அடிக்கடி எடுத்தா கேன்சர் வரும்ங்கறாங்களே?" நான் மீட்டிங்ல இருந்தேன். "சரிம்மா, வேணாம்னா விடு"ன்னு சொல்லிட்டுக் கட் பண்ணிட்டேன்.

அம்மா கை காட்டின பல்லுல ஏற்கெனவே பெருசா சிமென்ட் அடைச்சிருந்தது. அதுதான் காரணமா இருக்கும்னு அதைப் பிடுங்கியாச்சு. ஊசியோட மரப்பு, மாத்திரை எல்லாம் தீர்ந்தது. மூணாவது நாள் அதே இடத்துல அதே வலி.

சனிக்கிழமை நான் கிளம்பிப் போய் அம்மாவைச் சிதம்பரம் கூட்டிட்டுப் போனேன். அண்ணாமலை நகர்ல இருக்கிற பல் மருத்துவக் கல்லூரி, 1980-ல ஆரம்பிச்சது. இப்போ அரசுக் கல்லூரி. ஆனா ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்னு பஸ் போற வழியில யாரைக் கேட்டாலும் இன்னும் 'ராஜா முத்தையா'ன்னுதான் சொல்வாங்க. அங்க ஒரு மாணவி சின்னதா ஒரு ஃபிலிமை அம்மா வாய்க்குள்ள வெச்சு ஒரு படம் எடுத்தாங்க. இதுக்கு ஐஓபிஏன்னு பேரு. ரெண்டு மூணு பல்லு, வேர் நுனி வரைக்கும் தெரியும்.

படத்துல பிரச்சினை பக்கத்துப் பல்லுல இருந்தது. பிடுங்கின பல்லை ஒட்டியிருந்த பக்கம் சொத்தை ஆரம்பிச்சு, உள்ள நரம்பு வரைக்கும் போயிருந்தது. மேல இருந்து பாத்தா பல்லு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பல்லு ஒண்ணோட ஒண்ணு தொடற இடத்துல வர்ற சொத்தை, கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. வலியும் பொய் சொல்லும். ஒரு பல்லுல இருக்கிற வலி பக்கத்துப் பல்லுல, சில சமயம் மேல் தாடையிலகூட, இருக்கிற மாதிரி தோணும். அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்திட்டாங்க. சரி, பிடுங்கின பல்லு நிஜமாவே கெட்டுத்தான் இருந்ததா? இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குப் படமே இல்லையே.

லாக் பாக்காம ப்ரொடக்‌ஷன்ல கை வைக்காதேன்னு ஆபீஸ்ல ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான். அம்மா விஷயத்துல அதையேதான் பண்ணினேன்.

அம்மாவோட பயம் முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. 1895 நவம்பர்ல ரோன்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடிச்சார். ரெண்டு மாசம் கழிச்சு ஜெர்மனியில ஓட்டோ வால்காஃப் தன்னோட பல்லையே படம் எடுத்தார். 25 நிமிஷம் அசையாம இருந்தாராம். அமெரிக்காவுல எட்மண்ட் கெல்ஸ்னு ஒரு பல் டாக்டர் வருஷக்கணக்கா கதிர்ல கையைக் காட்டிக் காட்டி வேலை செஞ்சார். புற்றுநோய் வந்து விரல்கள் போச்சு, அப்புறம் கையும் போச்சு. 1928-ல அவர் இறந்துட்டார்.

அன்னிக்கு 25 நிமிஷம், இன்னிக்கு ஒரு நொடிக்கும் குறைவு. மண்ணு, காத்து, சாப்பாடு, வானம் எல்லாத்துல இருந்தும் ஒரு மனுஷனுக்கு வருஷத்துக்குச் சராசரியா 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வருது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டா 6 மைக்ரோசீவர்ட்டுக்குக் கொஞ்சம் மேல. அம்மாவுக்கு எடுத்த மாதிரி ஒரு சின்னப் படம் சுமார் 5 மைக்ரோசீவர்ட், இல்லன்னா அதைவிடக் கம்மி. அதாவது, சும்மா வீட்ல உக்காந்திருந்தாலே ஒரு நாள்ல வர்ற அளவு. முழுத் தாடையையும் சுத்தி எடுக்கிற ஓபிஜி, சில நாள் அளவு. 3டி ஸ்கேன், அதாவது சிபிசிடி, இதைவிட நிறையவே அதிகம்.

"அப்போ டாக்டர் மட்டும் ஏன் தள்ளிப் போய் நிக்கறார்?" அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. நமக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. அவருக்கு ஒரு நாள்ல இருபது முப்பதுகூட இருக்கலாம், வருஷம் பூரா. கெல்ஸ் கத்துக்கொடுத்த பாடம் அது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. என் அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. சொத்தை இல்ல, வலி இல்ல. ஆனா ஒரு கிளினிக்ல "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் எடுப்போம்"னு சொல்லியிருக்காங்க. அக்கா சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டா. அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தோட 2012 வழிகாட்டுதல்படி, சொத்தையும் இல்லாம சொத்தை வர்ற வாய்ப்பும் கம்மியா இருக்கிற குழந்தைக்குக் கடிச்சுப் பிடிச்சு எடுக்கிற பைட்விங் படம்கூட 12-ல இருந்து 24 மாசத்துக்கு ஒரு தடவை போதும். பெரியவங்களுக்கு 24-ல இருந்து 36 மாசம். அதுவும் டாக்டர் முதல்ல வாயைப் பாத்த பிறகுதான். அளவு சின்னதுங்கறதுக்காகக் காரணமே இல்லாம எடுக்கக் கூடாது, அதுவும் வளர்ற குழந்தைக்கு.

பயந்து வேண்டாம்னு சொன்ன அம்மாவும், யோசிக்காம சரின்னு சொன்ன அக்காவும் ஒரே கேள்வியைத்தான் கேக்காம விட்டாங்க: "டாக்டர், இந்தப் படத்தைப் பாத்த பிறகு நீங்க செய்யப்போறது எதாவது மாறுமா?" மாறும்னா எடுத்துக்கோங்க. "இல்ல, இது வழக்கம்"னு பதில் வந்தா, இன்னொரு கேள்வி கேளுங்க.

கூடவே மூணு சின்ன விஷயம். பழைய படம் இருந்தா கையோட கொண்டு போங்க, திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. கர்ப்பமா இருந்தா முதல்லயே சொல்லுங்க. அவசியம்னா அப்பவும் எடுக்கலாம், ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். மிஷினை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல பதிவு பண்ணியிருக்காங்களான்னு தயங்காம கேக்கலாம். அது சட்டப்படி அவங்க செய்ய வேண்டியது.

அம்மா இப்போ அந்தச் சின்னப் படத்தை ஒரு கவர்ல போட்டு, ரேஷன் கார்டு கூட பத்திரமா வெச்சிருக்காங்க. சாப்பிடறது மட்டும் இன்னும் இடது பக்கம்தான்.

உங்க வீட்ல இருந்து இந்த மாதிரி போன் வந்தா, மீட்டிங்ல இருந்தாலும் ரெண்டு நிமிஷம் வெளிய வந்து பேசுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.