ஓட்டமும் இளவட்டக்கல்லும்



நரிக்குடிப் பகுதியில் வைகறைப் பொழுதில் கண்மாய்க்கரை மீது நடந்து சென்றால், ஆடு மேய்ப்போருக்கு முன்னதாகவே எழுந்து ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைக் காணலாம். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சாலைகளிலும் இதே காட்சிதான். எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதன்றி வேறு பிழைப்பு அரிது. காவல் துறையிலோ இராணுவத்திலோ ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பமே நிமிர்ந்துவிடும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். இராணுவ ஆட்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். ஆகவே நம் பிள்ளைகள் ஓடுகிறார்கள், மறுநாளும் ஓடுகிறார்கள், ஓட்டத்தைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேச விழைகிறேன்.

இதைப் பேச எனக்கொரு கடமையும் உண்டு. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் தேர்வுக்காக வாரத்தில் ஏழு நாளும் தார்ச்சாலையில் ஓடினான். தூரத்தையும் திடீரென்று இரட்டிப்பாக்கினான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நோவு கண்டது. என்னிடம் வந்து சொன்னபோது, "ஓட ஓடச் சரியாகிவிடும், தம்பி" என்று நான் சொல்லி அனுப்பினேன். ஐந்து வாரங் கழித்து, எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் என்று மருத்துவர் கண்டார். அவ்வாண்டுத் தேர்வு அவனுக்கு இல்லாமற் போயிற்று. ஆசிரியப் பயிற்சியில் தேகப்பயிற்சிப் பாடமும் படித்துத் தேறியவன் நான். ஆயினும் அறியாமையால் ஒரு பிள்ளைக்குத் தவறான வழி காட்டினேன்.

ஓடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடக்கையில் ஏதாவதொரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓட்டத்திலோ, இரு கால்களும் அந்தரத்தில் இருந்து, பின் ஒற்றைக்கால் வந்து தரையில் இறங்குகிறது. அந்தக் கணத்தில் அக்காலின் மீது உடலின் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை விசை விழும். இவ்வாறு ஒரு கிலோமீட்டருக்குள் பல நூறு முறை நிகழ்கிறது. இந்த அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டியவை கெண்டைச்சதையும் தொடையும் இடுப்பும். அவை வலுவற்றிருந்தால் களைப்பு விரைவில் வரும். களைத்த பின் அதிர்ச்சி எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். என் மாணவனுக்கு நேர்ந்ததற்கு முதற் காரணம் தூரத்தைத் திடீரெனக் கூட்டியதே. வலுவேற்றினால் காயமே வராது என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் வலுவேறிய கால் கூடுதலான சுமைக்கு ஈடுகொடுக்கும்.

"சதை ஏறினால் உடம்பு கனத்து, வேகம் குறையாதா, ஐயா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஐயந்தான். வாரத்துக்கு இரு நாள் பளு தூக்கி, மற்ற நாள்களில் ஓடுகிறவனுக்குப் பயில்வான் உடம்பு வந்துவிடாது. தொடக்கத்தில் ஏறும் வலிமையிற் பெரும்பகுதி சதைப் பெருக்கத்தால் வருவதன்று. இருக்கிற சதையை முழுமையாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. ஆஸ்திரேலியாவில் பெர்சி செருட்டி என்ற பயிற்சியாளர் தம் ஓட்டக்காரர்களைப் பளு தூக்கச் செய்தார். கடற்கரை மணல் மேடுகளில் ஏறி ஓடச் செய்தார். அவருடைய மாணவர் ஹெர்ப் எலியட் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 விநாடியில் ஓடி உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். பின்லாந்து அறிஞர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றும் உண்டு. தேர்ந்த ஓட்டக்காரர்கள் சிலர் ஒன்பது வார காலம் தம் பயிற்சியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தாவுதல், விரைந்து பளு உந்துதல் ஆகியவற்றுக்கு ஒதுக்கினர். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவர்கள் முன்னேறினர். மூச்சின் கொள்திறன் கூடவில்லை. அதே வேகத்தில் ஓடச் செலவாகும் சக்திதான் குறைந்திருந்தது.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்களாயின், உங்கள் ஊர் மந்தைக்கே வாருங்கள். தென்பாண்டிச் சீமையின் பல ஊர்களில் வழுவழுப்பான உருண்டைக் கல்லொன்று கிடக்கும். இளவட்டக்கல் என்றும் கல்யாணக்கல் என்றும் அதற்குப் பெயர். அதைத் தரையிலிருந்து முழங்காலுக்கும், பின் மார்புக்கும், பின் தோளுக்கும் ஏற்றிப் பின்புறமாகப் போடுவதே இளைஞனின் வலிமைக்குச் சான்றாக இருந்தது. கல்லைத் தூக்கத் தெரிந்தவன் கையை மட்டும் நம்பமாட்டான். குந்தி, கல்லை உடம்போடு அணைத்து, தொடையாலும் இடுப்பாலும் எழுவான். ஓட்டக்காரனுக்கு வேண்டியதும் அந்தத் தொடையும் இடுப்புமே. அதற்காக நாளைக் காலையே கல்லைப் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாம்! பழகாதவன் முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்புப் பிடிப்போடு வீடு திரும்புவான்.

முதல் மூன்று வாரம் உடம்பின் எடையே போதும். பஸ்கி பத்து, பள்ளித் திண்ணைப்படியில் ஒற்றைக்காலால் ஏறி இறங்குதல், காலுக்கு எட்டு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குதல் பன்னிரண்டு, தண்டால் இயன்ற அளவு. இவற்றை மூன்று சுற்று செய்யலாம். அதன்பின் சாக்கில் பத்துக் கிலோ மணலைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்கியும் படியேற்றமும் தொடரவேண்டும். பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் இரண்டு கிலோ கூட்டுக. வாரத்தில் இரு நாள், இடையில் இரண்டு நாளாவது விட்டு. அதே நாளில் ஓட்டமும் இருந்தால் ஓட்டம் முன்னே, பளு பின்னே. சதை வலி இரண்டொரு நாளில் தணியும், அஞ்ச வேண்டியதில்லை. எலும்பில் ஓரிடத்தைத் தொட்டால் நோகிறது என்றால் மட்டும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நான் சொன்னதுபோல் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

தேர்வாளர்களும் ஓட்டத்தோடு விட்டுவிடுவதில்லை. காவலர் தேர்வில் கயிறு ஏற வேண்டும். இராணுவத்தில் கம்பியைப் பற்றி உடலை மேலே இழுக்க வேண்டும். ஓட்டத்தில் தேறிய பின்னரே கயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வேப்பமரக் கிளையில் கயிறு கட்ட எவ்வளவு செலவாகும்?

பெண் பிள்ளைகளுக்கு இது ஆகுமா என்று தாய்மார் கேட்கின்றனர். குடத்தை இடுப்பில் சுமந்து வரப்பில் நடக்கிறவளுக்குப் பளு புதிதா? அவர்களுக்கும் இதே முறைதான். தொடங்கும் எடை மட்டும் ஆளுக்குத் தக்கபடி. உண்பது குறைவாக இருந்தால் இருபாலார்க்கும் பயிற்சி கேடாகவே முடியும். கம்பங்கூழோடு அவித்த நிலக்கடலையோ முட்டையோ சேரட்டும்.

தேர்வுக்கு முந்திய பத்து நாளில் பளுவைப் பாதியாகக் குறைத்து, கடைசி நான்கு நாள் அறவே விட்டுவிடுங்கள். மணல் மூட்டையை அவிழ்த்துக் கொட்ட வேண்டாம். தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஆண்டு அவனுக்கு அது வேண்டியிருக்கும்.