எல்லாத் திரைகளிலும் தெரிய ஒரு பக்கம்



கிள்ளான் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டதை நாம் அறிவோம். அவ்வாறு மறைந்த தோட்டம் ஒன்றில் பிறந்த இளைஞர் ஒருவர், லயம், பெரட்டுக்களம், கோயில் திருவிழா ஆகியவற்றின் பழைய நிழற்படங்களைத் திரட்டினார். அங்கு வாழ்ந்த குடும்பங்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துத் தமக்கென ஓர் இணையத்தளம் அமைத்தார். மேசைக் கணினியில் அது கண்ணைக் கவர்ந்தது. பிரிக்பீல்ட்சில் வசிக்கும் அவருடைய பெரியப்பாவின் கைப்பேசியிலோ எழுத்துகள் எறும்புகளாய்ச் சிறுத்தன. தலைப்பு, பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக நின்றது. எவருக்காகப் பக்கம் எழுதப்பெற்றதோ, அவரால் அதனைப் படிக்க இயலவில்லை.

தலைப்புக் குழப்பத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் வெவ்வேறு குறியீடுகளைக் கொண்டிருந்தன. எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையெனில் தமிழ் தெரியாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு மென்பொருளால் கணினியில் தமிழ் எழுதும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது. ஆயினும் எல்லாருக்கும் பொதுவான குறியீடு தேவைப்பட்டது. 1999இல் சென்னையிலும், 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர் பலர் கூடி ஆராய்ந்தனர். இன்று நிலைபெற்றிருப்பது ஒருங்குறியாகும். அதில் 'அ' என்னும் எழுத்திற்கு உரிய எண் 2949; எந்த நாட்டுக் கருவியிலும் அதுவே. நம் இளைஞரோ, அழகுக்காகத் தலைப்பை மட்டும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்!

அடுத்தது அகலம். அவர் பக்கத்தின் அகலத்தை 1,000 புள்ளிகள் என நிலையாக வகுத்துவிட்டார். அகலத்தை விழுக்காட்டில் கூறி, கருவியின் அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள்ளுமாறு தலைப்பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இது தைத்த சட்டையன்று. ஆளுக்கேற்ப மடித்துடுத்தும் வேட்டி. இம்முறைக்கு 2010இல் பெயர் சூட்டியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட். படங்களும் திரையின் அகலத்தை மீறாதவாறு வரம்பிட வேண்டும்.

தமிழுக்கென்றே சில கவனங்கள் உள்ளன. எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுவதை ஆங்கிலத் தலைப்புகளில் அழகென்பர். தமிழில் அவ்வாறு செய்தால், சில உலாவிகளில் 'கொ' என்பதன் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். மேலும் நம் சொற்கள் நீண்டவை. சிறு திரையில் உடைந்து அடுத்த வரிக்குச் செல்ல இடமளிக்க வேண்டும். வரிகளுக்கிடையே சற்றுத் தாராளமாக இடம் விடுவதும் நன்று. தமிழ்ச் சொற்களைப் படமாக்கி ஒட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. அவற்றைத் தேடவும் இயலாது, தெளிவு கெடாமல் பெரிதாக்கவும் இயலாது.

முடித்தபின் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளில் திறந்து பார்த்தல் வேண்டும். வீட்டிலுள்ள மிகப் பழைய கைப்பேசியை முதலில் எடுங்கள் என்பதே நம் பரிந்துரை. புதிய கருவி குறைகளை மறைத்துவிடும்.

இளைஞர் இரண்டு வாரங்களில் பக்கத்தைத் திருத்தியமைத்தார். பெரியப்பா கண்ணாடியை அணிந்துகொண்டு, விரலால் திரையை நகர்த்தி, பட்டியலை மெல்ல வாசித்தார். மூன்றாம் லயத்தில் தம் தமையனாரின் பெயர் விடுபட்டிருப்பதைச் சுட்டினார். அன்று மாலையே அது சேர்க்கப்பட்டது.