பதின்ம வயதினரின் மனச்சோர்வும் வாழ்க்கைத் திருப்தியும்
பெற்றோருக்கான உள நல உரையின் எழுத்து வடிவம்



மனச்சோர்வு இல்லாத பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறது என்றும், வாழ்க்கை நன்றாக உள்ளது எனச் சொல்லும் பிள்ளைக்கு மனச்சோர்வு இராது என்றும் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஒன்று ஏற மற்றது தவறாமல் இறங்கும் தராசுத் தட்டுகள் அல்ல இவை.

வாழ்க்கைத் திருப்தியை அளக்க 1965ஆம் ஆண்டில் ஹாட்லி கான்ட்ரில் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்த வினா எளிமையானது. ஓர் ஏணியின் உச்சி 10. அதுவே மிகச் சிறந்த வாழ்க்கை. அடி 0, அது மிக மோசமான வாழ்க்கை. இப்பொழுது நீர் எங்கே நிற்கிறீர்? மனச்சோர்வைக் கண்டறியும் வினாக்களோ வேறு வகையின. கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் உண்டா, தன்னைப் பயனற்றவராக எண்ணியதுண்டா என அவை கேட்கின்றன. முன்னையது வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு. பின்னையது உடலும் மனமும் படும் பாடு.

அறிகுறிகள் மிகும்போது திருப்தி குறைவதே பொதுவான போக்கு. ஆயினும் 2001இல் கிரீன்ஸ்பூன், சக்லோஃப்ஸ்கி ஆகியோர் பள்ளிச் சிறுவரிடையே எதிர்பாராத இரு பிரிவினரைக் கண்டனர். அறிகுறிகள் இருந்தும் வாழ்க்கையில் நிறைவு காண்போர் ஒரு பிரிவினர். அறிகுறி ஏதுமின்றியே நிறைவு குன்றியோர் மற்றப் பிரிவினர். இவ்விரண்டாம் பிரிவினரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல எவருக்கும் தோன்றாது. ஆனால் அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவரிடையே நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், இத்தகையோர் நிறைவுடன் வாழும் மாணவரைவிடப் படிப்பிலும் பின்தங்கியிருந்தனர்.

முதற்பிரிவினரைப் பற்றித் தமிழ்க் குடும்பங்கள் சற்று நின்று எண்ண வேண்டும். போரையும் இடப்பெயர்வையும் கடந்து ஆஸ்திரேலியா வந்த பெற்றோர், “உனக்கு இங்கே என்ன குறை?” என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்குக் “குறையொன்றும் இல்லை” என்பதைத் தவிர வேறு விடை கூறப் பிள்ளைக்கு இடமில்லை. அவ்விடை பெரும்பாலும் பெற்றோர்மீது கொண்ட நன்றி. நலத்தின் சான்று அன்று. அதே பிள்ளை இரவில் உறங்காதிருக்கலாம்; நண்பரை விட்டு விலகியிருக்கலாம். பதின்ம வயதில் மனச்சோர்வு துயரமாக அல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்பதால், வீட்டார் அதனைத் “திமிர்” என்று கடந்துவிடுவதும் உண்டு.

மாறாக, “என் வாழ்க்கை ஒன்றுக்கும் உதவாது” என்று பிள்ளை சொன்னால், வீட்டிலுள்ள வசதிகளை அடுக்கிக் காட்டுவதால் பயனில்லை. மனச்சோர்வு வாழ்க்கையை எடைபோடும் கண்ணையே மங்கச் செய்கிறது. கேட்டு முடிக்கும்வரை மறுப்புக் கூறாதிருப்பதே அவ்வேளையில் பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி. ஏணி வினாவை வீட்டிலும் கேட்கலாம். “ஐந்து” என்று விடை வந்தால், “ஏன் எட்டு இல்லை?” என்பதைவிட, “ஆறாக என்ன வேண்டும்?” என்று கேட்பது நன்று. புள்ளிகளைப் பற்றிய பேச்சை அன்றைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரை நாடுக. அவர் வகுக்கும் உள நலச் சிகிச்சைத் திட்டத்தின்கீழ் ஓர் ஆண்டில் 10 வரையிலான தனிநபர் அமர்வுகளுக்கு மெடிக்கேர் கழிவுத்தொகை கிடைக்கும். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனின் 131 450 என்னும் எண்ணை அழைக்கலாம். பிள்ளையையே உரைபெயர்க்கச் சொல்லுதல் தகாது. 12 முதல் 25 வயதினருக்கென ஹெட்ஸ்பேஸ் நிலையங்கள் உள்ளன. பிள்ளைகள் தாமாகவே கிட்ஸ் ஹெல்ப்லைனை 1800 55 1800 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு வாரங்கள் காத்திருத்தல் கூடாது. தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைப் புதிதாக விதைப்பதில்லை. லைஃப்லைன் 13 11 14. உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 000.